நான்கு கோணங்கள் ஏன்?

மென்பொருளில் படத்துக்கு வண்ண ஹாஃப்டோன் போட்டால் நான்கு கோணம் கேட்கும், கவனிச்சிருக்கீங்களா? அது அச்சகத்திலிருந்து வந்த பழக்கம்.

அச்சில் மை ஒட்டும், இல்லன்னா ஒட்டாது, இடைநிறம் கிடையாது. அதனால் படத்தைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக்கினார்கள். 1880 மார்ச் 4-இல் நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ நாளிதழ் இம்முறையில் ஒரு குடிசைப் பகுதிப் புகைப்படத்தை வெளியிட்டது.

பிறகு நான்கு வண்ண மை வந்தது. புள்ளி வரிசைகளின் கோணங்கள் நெருங்கினால் அலையலையாகக் கோடு விழும். ஆகவே பொதுவாகக் கறுப்புக்கு 45 பாகை, சயானுக்கு 15, மஜெண்டாவுக்கு 75. கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாத மஞ்சளுக்கு 0.

தேர்வில் ஆண்டை மட்டும் எழுதி நிறுத்திடாதீங்க. அந்தக் கோணம் ஏன் வந்தது என்று எழுதினால்தான் அது வரலாறு.