உருக்கும் ஐதரசனும்: அமோனியாக் கலத்தின் வரலாறு

கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயரையும் அவர் கண்ட கோட்பாட்டையுமே முதன்மைப்படுத்துவர். அக்கோட்பாடு செயற்படும் கலம் எதனாற் செய்யப்பட்டது என்னும் வினா பொறியியலாளருக்குரியதென ஒதுக்கப்படுவதுண்டு. ஆயின், ஓர் இரசாயனக் கைத்தொழில் எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதைப் பல வேளைகளில் நிர்ணயித்தது கலத்தின் மூலப்பொருளே.

18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்திற் சல்பூரிக்கமிலம் கண்ணாடிக் கலங்களில் ஆக்கப்பட்டது. கண்ணாடி அமிலத்தைத் தாங்கும். ஆனால் எளிதில் உடையும். வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கவும் இயலாது. 1746இல் பேமிங்காம் நகரில் ஜோன் ரோபக் என்பார் ஈயத்தகட்டாலான அறைகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஈயத்தின் மேற்பரப்பில் உண்டாகும் ஈயசல்பேற்றுப் படலமே அதனை மேலும் அரிபடாது காத்தது. அமிலம் பேரளவிற் பெருகியது. அதன் விலை வீழ்ந்தது. கோட்பாட்டில் மாற்றமெதுவுமின்றிக் கலத்தில் ஏற்பட்ட மாற்றம் மட்டுமே இதனைச் சாதித்தது.

இதனினும் கடினமான சோதனை அமோனியாத் தயாரிப்பில் எழுந்தது. 1909 யூலையில் ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ நகரிற் பிரிட்ஸ் ஹேபர், நைதரசனையும் ஐதரசனையும் உயர்ந்த அமுக்கத்திலும் வெப்பநிலையிலும் ஊக்கியொன்றின் துணையுடன் சேர்த்து அமோனியாவைப் பெறலாமெனச் செய்து காட்டினார். இம்முறையைத் தொழிற்சாலைக்குரியதாக்கும் பொறுப்பை பி.ஏ.எஸ்.எவ். நிறுவனம் கார்ல் பொஷ் என்பவரிடம் ஒப்படைத்தது. இரசாயனத்தோடு உலோகவியலும் பயின்றவர் அவர்.

ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்தையும் 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்க வல்லதெனக் காபன் உருக்கே தெரிந்தெடுக்கப்பட்டது. ஆயினும் முதற் கலங்கள் எண்பது மணித்தியாலம் அளவில் வெடித்துச் சிதைந்தன. சிதைந்த துண்டுகளை ஆராய்ந்தபோது, உருக்கின் உட்பகுதி தன் காபனை இழந்திருந்தமை புலனாயிற்று. மிகச் சிறிய மூலக்கூறுகளைக் கொண்ட ஐதரசன் சூடான உலோகத்துள் ஊடுருவி, அங்கிருந்த காபனோடு சேர்ந்து மெதேனாக மாறியது. வெளியேற வழியற்ற அவ்வாயு உலோகத்தை உள்ளிருந்தே பிளந்தது. உருக்குக்கு உறுதி தருவது காபன்; அக்காபனே ஈண்டு அதன் அழிவுக்கும் காரணமாயிற்று.

காபன் மிகக் குறைந்த தேனிரும்பை ஐதரசன் இவ்வாறு தாக்காது. ஆனால் அது அமுக்கத்தைத் தாங்கும் வலிமையற்றது. விலையுயர்ந்த உலோகங்களோ பேரளவுத் தயாரிப்புக்குக் கட்டுப்படியாகா. 1911இற் பொஷ் கண்ட தீர்வு, ஒரே பொருளிடம் இரு கடமைகளையும் எதிர்பார்க்காமையாகும். உட்புறம் தேனிரும்பாலான மெல்லிய உறை ஐதரசனை எதிர்கொண்டது. வெளிப்புற உருக்குச் சுவர் அமுக்கத்தைத் தாங்கியது. உறையைக் கடந்து கசியும் சிறிதளவு ஐதரசன் தேங்கி நிற்காது வெளியேறும் பொருட்டு உருக்குச் சுவரில் நுண்ணிய துளைகள் இடப்பட்டன. வாயுவை முற்றாகத் தடுக்க முயலாது, அதற்கு வழிவிட்டதே இத்தீர்வின் சிறப்பாகும்.

1913 செத்தெம்பரில் ஒப்பாவ் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. சிலி நாட்டு வெடியுப்பு ஜேர்மனிக்குக் கிடையாது போகவே, பயிருக்கு உரமாக வேண்டிய நைதரசன் வெடிமருந்தாகவும் மாறியது. பிற்காலத்திற் குரோமியம், மொலிப்டினம் கலந்த உருக்குகள் ஐதரசனைத் தாங்கும் வலிமை பெற்றன. உயரமுக்க இரசாயன முறைகளை வளர்த்தமைக்காகப் பொஷ், பிரெட்ரிக் பேர்கியசுடன் 1931இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு போரின் கால நீட்சியும், பின்னர் கோடிக்கணக்கான மக்களின் உணவும் இக்கலத்தின் உள்ளுறையோடு தொடர்புற்றிருந்தன. உள்ளுறை உருக்கைக் காத்தது. கலத்தில் விளைந்த அமோனியா வயலுக்கா போர்க்களத்துக்கா செல்லவேண்டும் என்பதை மனிதரே தீர்மானித்தனர். கைத்தொழில் வரலாற்றை ஆராய்வோர் இவ்விரு தெரிவுகளையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.