தொலைநிலை டர்போசார்ஜர்

தொலைநிலை டர்போசார்ஜர் என்பது தானுந்துப் பொறியின் அருகில் அல்லாமல், அதிலிருந்து சில மீட்டர் தள்ளி, பெரும்பாலும் வண்டியின் பின்பகுதியில் சைலன்சர் இருக்கும் இடத்தில் பொருத்தப்படும் டர்போசார்ஜர் (சுழலூட்டி) ஆகும். பொறி அறையில் இடம் குறைவாக உள்ள சிறிய விளையாட்டுத் தானுந்துகளில் இம்முறை கருதப்படுகிறது. அமைப்பு எளிமையானது போலத் தோன்றினாலும் எண்ணெய், நீர், வெப்பம் ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்துவதைப் பொறுத்தே இதன் வெற்றி அமைகிறது.

செயல்படும் விதம்

பெட்ரோல் பொறியில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையுடன் வீணாக வெளியேறுகிறது. டர்போசார்ஜரில் இப்புகை ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள அமுக்கி, வெளிக்காற்றை அழுத்திப் பொறிக்குள் செலுத்துகிறது. கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் எரிபொருள் எரிக்கப்படுவதால் திறன் உயர்கிறது. இத்தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுழற்சிகளுக்கு மேல் சுழலக்கூடியது.

வழக்கமான அமைப்பில் சுழலி, புகை வெளியேறும் கிளைக்குழாயை ஒட்டியே இருக்கும். தொலைநிலை அமைப்பில் புகை நீண்ட குழாய் வழியே சென்று குளிர்ந்த பின்னரே சுழலியை அடைகிறது. எடுத்துக்காட்டாக, 900 பாகை செல்சியசில் (1173 கெல்வின்) வெளியேறும் புகை 500 பாகைக்கு (773 கெல்வின்) குளிர்ந்தால், அதே அழுத்தத்தில் அதன் கன அளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே புகையின் வேகத்தைக் காக்கச் சிறிய சுழலிக் கூடு தேவைப்படுகிறது. மறுபுறம், அழுத்தப்பட்ட காற்று முன்னோக்கி வரும் நீண்ட குழாய் ஓரளவு இடைக்குளிர்விப்பானாகவும் பயன்படுகிறது.

நீண்ட குழாயை நிரப்ப நேரமாகும் என்பதால் இம்முறையில் தாமதம் மிகுதி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 5 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 5.9 லிட்டர். அதில் 0.4 பார் மிகை அழுத்தத்தை உண்டாக்க மேலும் 2.4 லிட்டர் காற்று போதும். 1.6 லிட்டர் நான்கு வீச்சுப் பொறி 3000 சுழற்சியில் ஒரு நொடிக்குச் சுமார் 40 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. எனவே குழாயை நிரப்புவது சிறு தாமதமே. புகை இழக்கும் வெப்ப ஆற்றலும் சுழலியின் நிலைமமுமே தாமதத்தின் முதன்மைக் காரணங்கள்.

வரலாறு

சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905 ஆம் ஆண்டு புகைச் சுழலியால் இயங்கும் காற்றமுக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1941 இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்கப் போர் வானூர்தியான பி-47 தண்டர்போல்ட்டில் பொறி மூக்கிலும் டர்போசார்ஜர் உடலின் பின்பகுதியிலும் இருந்தன. தொலைநிலை அமைப்புக்கு இது நன்கறியப்பட்ட முன்னோடியாகும். டர்போ கொண்ட தானுந்துகள் 1962 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 2000களில் அங்கு பின்புற டர்போத் தொகுதிகள் விற்கப்பட்டன. தமிழ்நாட்டில் டர்போசார்ஜர் தயாரிக்கும் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982 இல் தொடங்கப்பட்டது.

சிறிய தானுந்தில் பொருத்துதல்

1989 இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இரு இருக்கைத் தானுந்துகளில் பொறி முன்னும் இயக்கச் சக்கரங்கள் பின்னும் உள்ளன. இத்தகைய வண்டியில் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

* எண்ணெய்: டர்போ பொறியைவிடத் தாழ்வாக இருப்பதால் எண்ணெய் தானாகத் திரும்பி வழியாது. அதை மீட்கத் தனி மின் எக்கி தேவை. எக்கி நின்றால் எண்ணெய் தாங்கிக் கூட்டில் தேங்கி, சுழலிக்குள் கசிந்து நீலப் புகையாக வெளிவரும். நீண்ட எண்ணெய்க் குழாய் கிழிந்தால் பொறியே இறுகிவிடும். எனவே அழுத்த எச்சரிக்கை விளக்கு இன்றியமையாதது.
* எரிபொருள்: காற்றின் அளவுக்கேற்ப எரிபொருள் தெளிப்பும் தீப்பொறி நேரமும் மாற்றப்பட வேண்டும். தவறினால் கலவை தானே வெடித்து உந்துருளை (பிஸ்டன்) உடையும்.
* வெப்பம்: பின்பகுதியில் எரிபொருள் கலன் உள்ளதால் சுழலிக்கும் அதற்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம்.
* வினையூக்கி மாற்றி: புகையைத் தூய்மையாக்கும் இக்கருவி அகற்றப்படாமல் இருக்க வேண்டும்.

தென்காசி, குற்றாலம் பகுதியின் சூழல்

திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. இக்கணவாய் தாழ்வானது ஆதலால், இங்கு உயரத்தால் ஏற்படும் திறன் இழப்பு சிறிதே.

இப்பகுதியில் முதன்மையான இடர் மழையாகும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையால் குற்றாலத்தில் அருவிக்காலம் நிலவுகிறது. சாலைகள் நனைந்தே இருக்கும். பின்புற டர்போவின் காற்று வடிகட்டி தரைக்கு அருகில் இருந்தால் தேங்கிய நீரை உறிஞ்சக்கூடும். நீர் அமுங்காத தன்மை உடையது. அது உருளைக்குள் புகுந்தால் உந்துருளையின் இணைப்புத் தண்டு வளையும். ஆகவே வடிகட்டியை உயரமான, மூடிய இடத்தில் வைத்து, குழாயால் அமுக்கியுடன் இணைப்பதே முறை. செந்நிறமாய்ச் சூடேறிய வார்ப்பிரும்புக் கூட்டின் மீது குளிர்ந்த நீர் தெறித்தால் விரிசலும் விழலாம்.

சட்டநிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் அளித்த தீர்ப்பு இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றத்திற்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எனவே இந்தியப் பொதுச் சாலைகளில் ஓடும் தானுந்தில் இதைத் தாமாகப் பொருத்துவது சட்டச் சிக்கலுக்கு இடமளிக்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்படவும் வாய்ப்புண்டு.

இவற்றையும் பார்க்கவும்

* டர்போசார்ஜர்
* உள் எரி பொறி
* இடைக்குளிர்விப்பான்
* குற்றாலம்