பாதரச ஆவி: அர்-ராஸி முதல் கொடைக்கானல் வரை

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் வீட்டில் ஒருமுறை காய்ச்சல்மானி கீழே விழுந்து உடைந்தது. தரையில் சிதறிய வெள்ளித் துளிகளைச் சிறுவர்களாகிய நாங்கள் விரலால் உருட்டி ஒன்றுசேர்த்து விளையாடினோம். 'வாயில் வைத்துவிடாதீர்கள்' என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள். துளிகள் ஓசையின்றிக் காற்றில் கலந்துகொண்டிருந்ததை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பாதரசத்தைப் பொறுத்தவரை இந்தத் தவறான அச்சம் மிகப் பழையது. அதற்கான திருத்தமும் ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையது என்பதே வியப்பு.

மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (மறைவு ஹிஜ்ரி 313, கி.பி. 925) ஒரு குரங்குக்குப் பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்து அதனைக் கூர்ந்து நோக்கினார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேதனைப்பட்டதேயன்றி வேறு தீங்கு எதனையும் அவர் காணவில்லை. தூய பாதரசம் உண்டபடியே வெளியேறிவிடும் என்பது அவர் முடிவு. அதே பாதரசத்தைப் புடமிட்டுப் பதங்கமாக்கினால், அதாவது நம் நாட்டு மருத்துவர் 'வீரம்' என்றழைக்கும் பொருளாக மாற்றினால், அது கொடிய நஞ்சு என்றும் அவர் எச்சரித்தார். ஒரு பொருளே அதன் நிலைக்கேற்ப நஞ்சாகவும் நஞ்சற்றதாகவும் இருக்கக்கூடும் என்னும் இந்த வேறுபாடு நச்சியலின் அடிப்படைகளுள் ஒன்று.

அடுத்த நூற்றாண்டில் இப்னு ஸீனா (மறைவு ஹிஜ்ரி 428, கி.பி. 1037) இன்னும் ஒரு படி முன்னே சென்றார். பாதரசத்தின் ஆவி பாரிசவாதத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கும் என்று 'அல்-கானூன்' நூலில் எழுதினார். இரண்டும் நரம்பு மண்டலத்தின் நோய்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் யார்? ஸ்பெயினிலுள்ள அல்மதேன் என்ற ஊரின் பெயர், சுரங்கம் எனப் பொருள்படும் 'அல்-மஃதின்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தலூஸின் பாதரசச் சுரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்ததாக, 1154-இல் தம் நூலை நிறைவுசெய்த புவியியலாளர் அல்-இத்ரீஸி கூறுகிறார். நூல் எழுதிய அறிஞர்களின் பெயர்கள் நம்மிடம் உள்ளன. சுரங்கத்தில் உழைத்தவர்களின் பெயர்கள் இல்லை.

இன்றைய அறிவியல் இதன் காரணத்தை விளக்குகிறது. விழுங்கிய பாதரச உலோகத்தில் நூற்றில் 0.01 பங்குகூட குடலால் உறிஞ்சப்படுவதில்லை. மூச்சில் ஏறும் ஆவியிலோ ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் தங்கிவிடுகிறது. மின்னூட்டமற்ற அதன் அணு, குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பை எளிதில் கடக்கும். உள்ளே கேட்டலேஸ் என்னும் நொதி அதனை ஆக்சிஜனேற்றி மின்னூட்டமுள்ள அயனியாக மாற்றுகிறது. பின்னர் அது எளிதில் வெளியேற இயலாது. விந்தை என்னவெனில், அதே கேட்டலேஸ்தான் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்து உயிரணுவைக் காக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளுள் ஒன்று! காவலனே கதவைப் பூட்டிவிடுகிறான்.

உலோகங்கள் யாவும் கந்தகமும் பாதரசமும் கூடிப் பிறந்தவை என்று ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்கள் கூறின. அக்கொள்கை பிழையானது. ஆயினும் நம் உயிரணுக்களில் அவ்விரண்டும் கூடுவது மெய். குளூட்டாதயோன் என்னும் காப்புப் பொருளில் உள்ள கந்தகத் தொகுதி பாதரசத்தைப் பற்றிக்கொண்டு பித்தநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது. இத்தகைய கந்தகச் சேர்மங்களுக்கு டென்மார்க்கின் வேதியியலார் ஸைஸ் 19-ஆம் நூற்றாண்டில் இட்ட 'மெர்கேப்டன்' என்ற பெயருக்கே 'பாதரசத்தைப் பற்றுவது' என்பதுதான் பொருள். ஆனால் பற்றப் பற்ற குளூட்டாதயோன் இருப்புக் குறைகிறது. மீனிலும் தானியத்திலும் கிடைக்கும் செலினியத்தையும் பாதரசம் பிணைத்து முடக்குவதால், அதனை நம்பியிருக்கும் காப்பு நொதிகளும் தளர்கின்றன.

கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் உலோக நஞ்சின் தீங்கை எலிகளில் குறைத்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. நம்மவர் சிலர் இதனை மேடைதோறும் முழங்குகின்றனர். எலியில் கண்டதை மனிதருக்குரிய மருந்தென்று அறிவிக்க அந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. நாள்தோறும் ஆவியைச் சுவாசிப்பவனுக்கு வேண்டியது காற்றோட்டமும் பாதுகாப்பு உடையுமே.

கொடைக்கானலில் நடந்தது இதற்குச் சான்று. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட காய்ச்சல்மானி ஆலை, 1980-களின் தொடக்கம் முதல் பாம்பார் சோலையின் விளிம்பில் இயங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கிடங்கொன்றில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியே அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்களின் நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் வாதிட்டு வந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு எட்டப்பட்டது 2016 மார்ச்சில். ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. உடன்பாட்டிலும் அத்தொகை மனிதாபிமான உதவி என்றே அழைக்கப்பட்டது.