தற்கொலை முயற்சி குற்றமல்ல

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் நான் கேட்கும் பயம் ஒன்று: "பொலிசுக்குப் போகுமே." இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமல்ல. மலையகமோ வன்னியோ, பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

கைவிட்டுவிடுவார்களோ என்ற ஓயாத பயம், சடுதியாக மாறும் மனநிலை, திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்தல் ஆகியவை எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய வேண்டியவர் மனநல வைத்தியர். "நாடகம்" என்று தள்ளிவிடாதீர்கள். கொந்தளிப்பைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சை பலன் தருகிறது.

1995க்குப் பின், கடும் நச்சுக் கிருமிநாசினிகளைத் தடைசெய்ததால் நாட்டில் தற்கொலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. எனவே லயத்து வீட்டிலும் களைநாசினியையும் மருந்துகளையும் பூட்டி வையுங்கள். "சாகணும்போல இருக்கா?" என்று பிள்ளையிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வராது.

தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926. தமிழிலும் பேசலாம்.