தொழில் நகரங்களின் காற்றை மக்களே கண்காணிப்பது எப்படி? கடலூர் வாளி முதல் கைபேசிச் செயலி வரை

தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு நகரில் காற்று உண்மையிலேயே தூய்மை அடைந்து வருகிறதா என்ற கேள்விக்கு விடையளிக்க இரு தரப்பினர் உள்ளனர். அளவீட்டு நிலையங்களையும் ஆய்வகங்களையும் வைத்திருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ஒரு தரப்பு. புகைபோக்கிகளின் அருகிலேயே உறங்கி எழும் மக்கள் மறு தரப்பு. பின்னவர்களின் சாட்சியம் நெடுங்காலமாக 'நாற்றம் வருகிறது' என்ற புகாராகவே நின்றுவிட்டது. அந்தப் புகாரை அளவீடாகவும் ஆவணமாகவும் மாற்றுவதே மக்கள் கண்காணிப்பு. இந்தியாவில் இதற்கு முன்னோடியாக அமைந்த இடங்களுள் தமிழ்நாட்டின் கடலூர் முக்கியமானது.

கடலூரில் நடந்தது என்ன?

உப்பனாற்றின் கரையோரம், கடலூர் - சிதம்பரம் சாலையில் அமைந்துள்ளது சிப்காட் தொழிற்பேட்டை. பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள், சாயம் உள்ளிட்டவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் இங்கு 1980-களில் இருந்து இயங்கி வருகின்றன. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்கள் ஆலைச் சுவர்களுக்கு வெகு அருகில் உள்ளன. இரவில் வாயு பரவுவதாகவும், அதிகாரிகள் வந்து பார்க்கும்போது காற்று கலைந்துவிடுவதாகவும் ஊர்மக்கள் தொடர்ந்து முறையிட்டு வந்தனர்.

2004-ஆம் ஆண்டில் இப்பகுதி மக்கள் சிலர் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாக ஒருங்கிணைந்தனர். அவர்கள் கையில் எடுத்த முதல் கருவி மூக்கு. நாள், நேரம், இடம், காற்று வீசும் திசை, நாற்றத்தின் தன்மை, கண் எரிச்சல், தலைவலி போன்ற உடல் அறிகுறிகள் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிப்பதே பணியின் தொடக்கம். இது கேட்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும் வேதியியல் அடிப்படை கொண்டது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடையும், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மெர்காப்டான் வகை வாயுக்களையும், நகப்பூச்சு நீக்கியின் நெடி அசிட்டோனையும் சுட்டக்கூடும். எந்த நாற்றம் எந்தத் திசைக் காற்றில் வருகிறது என்பது பல வாரங்கள் பதிவானால், அது எந்த ஆலையின் பக்கமிருந்து வருகிறது என்பதும் தெளிவாகத் தொடங்கும்.

அடுத்த கருவி, வாளி. 1994-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ரோடியோ நகரில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இருந்து இரண்டு வாரங்களுக்கும் மேலாக வேதிப்பொருள் கசிந்தது. பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர் எட் மாஸ்ரி, மக்களே காற்று மாதிரி எடுக்கக்கூடிய மலிவான கருவியை 1995-இல் உருவாக்கச் செய்தார். ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளளவுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் டெட்லார் எனப்படும் சிறப்புப் பை பொருத்தப்படுகிறது. வாளிக்குள் உள்ள காற்றைச் சிறு பம்பு வெளியேற்றும்போது உள்ளே வெற்றிடம் உருவாகி, வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் இழுக்கப்படுகிறது. சில நிமிடங்களில் பை நிரம்பிவிடும். பைக்குள் செல்லும் காற்று பம்பைத் தொடுவதே இல்லை என்பதால் மாதிரி கலப்படம் அடைவதில்லை. அதனை மூன்று நாள்களுக்குள் ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்துவிட வேண்டும். வாளி மலிவு; பகுப்பாய்வுதான் செலவு மிக்கது.

கடலூரில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் முடிவுகள் 2004 செப்டம்பரில் அறிக்கையாக வெளியாயின. புற்றுநோயை உண்டாக்கவல்ல எட்டு வேதிப்பொருள்கள் உள்பட 22 நச்சு வேதிப்பொருள்கள் காற்றில் இருந்தது அதில் தெரியவந்தது. அபாயகரக் கழிவுகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவும் அதே ஆண்டு இப்பகுதியை நேரில் பார்வையிட்டது. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு அப்போதைய தேசியக் காற்றுத் தர நிர்ணயத்தில் வரம்பு எதுவும் இல்லை. அதாவது, வாரியம் வரம்பு மீறல் எதையும் கண்டறியாததற்கு வரம்பே இல்லாததும் ஒரு காரணம். 2009 நவம்பரில் திருத்தப்பட்ட தர நிர்ணயத்தில்தான் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற வரம்பு இடம்பெற்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே ஆண்டு 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, 43 இடங்களைக் கடுமையாக மாசடைந்தவை என வகைப்படுத்தியது. குஜராத்தின் அங்கலேஷ்வர், வாபி, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர், சத்தீஸ்கரின் கோர்பா ஆகியவற்றுடன் கடலூரும் மணலியும் அப்பட்டியலில் இருந்தன.

அரசு அளவீட்டில் விடுபடுவது எது?

நாட்டில் தற்போது 500-க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் இயங்குகின்றன. அவை தவிர, வாரத்துக்கு இருமுறை என ஆண்டுக்கு 104 நாள்கள் மாதிரி எடுக்கும் வகையிலான நிலையங்களும் உள்ளன. இவற்றின் தரவுகளில் இருந்து கணக்கிடப்படும் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளை மட்டுமே கருத்தில் கொள்கிறது: பிஎம் 10, பிஎம் 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். வேதி ஆலைகளில் இருந்து வெளியேறும் குளோரோஃபார்ம் போன்ற வாயுக்கள் எவ்வளவு இருந்தாலும் குறியீட்டு எண் அசையாது. கைபேசித் திரையில் 'திருப்திகரம்' என்று பச்சை நிறம் காட்டும் வேளையில் ஊரில் மூச்சு முட்டுவது இதனால் சாத்தியமே.

மற்றொரு சிக்கல் சராசரி. பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். எடுத்துக்காட்டாக, 23 மணி நேரம் 40 மைக்ரோகிராமாகவும், நள்ளிரவில் ஒரு மணி நேரம் மட்டும் 500 மைக்ரோகிராமாகவும் இருந்ததாகக் கொள்வோம். அந்நாளின் சராசரி 59.2 மட்டுமே, வரம்பு மீறப்படவில்லை என்றே பதிவாகும். மக்கள் குறித்து வைக்கும் நேரமும், நிலையத்தின் 15 நிமிடத் தரவும் ஒப்பிடப்பட்டால்தான் அந்த ஒரு மணி நேரம் வெளிச்சத்துக்கு வரும். இத்தரவை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் எவரும் பதிவிறக்கலாம். குறிப்பிட்ட சில மணி நேரங்களில் மட்டும் தரவு இல்லாமல் போனால், அதுவும் கவனிக்கத்தக்க தகவலே.

தூய காற்றுத் திட்டமும் செலவும்

2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம், 2017-ஐ அடிப்படையாகக் கொண்டு 2024-க்குள் நுண்துகள்களை 20 முதல் 30 விழுக்காடு வரை குறைக்க இலக்கு வைத்தது. பின்னர் அது 2025-26-க்குள் 40 விழுக்காடு என உயர்த்தப்பட்டது. ஆயினும் நகரங்களின் செயல்பாடு பிஎம் 10 அளவைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. எரிப்பிலிருந்து உருவாகி நுரையீரலின் ஆழம்வரை செல்லும் பிஎம் 2.5 இந்த மதிப்பீட்டில் இல்லை.

இதன் விளைவு செலவுக் கணக்கில் தெரிகிறது. தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024 ஜூலையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, திட்ட நிதியில் 64 விழுக்காடு சாலைப் புழுதியைக் குறைக்கச் செலவிடப்பட்டது. தொழிற்சாலை மாசுக்குச் சென்றது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சாலையைக் கூட்டும் இயந்திரமும் தண்ணீர் தெளிக்கும் லாரியும் கண்ணுக்குத் தெரியும் பணிகள். பிஎம் 10 எண்ணும் அவற்றால் குறையக்கூடும். ஆலை நகரத்தில் வாழ்வோருக்கு அது பாதி விடைகூட ஆகாது. எனவே மக்கள் கண்காணிப்பு என்பது காற்றை அளப்பதோடு முடிவதில்லை. பணம் எதற்குச் செலவாகிறது என்பதையும் பார்ப்பதாகும். நகரச் செயல் திட்டங்கள் 'பிராணா' என்ற அரசு இணையதளத்தில் உள்ளன. ஆலைகளுக்கு அளிக்கப்பட்ட இசைவாணை விவரங்கள் அடங்கிய பதிவேட்டை, பாதிக்கப்பட்டோர் பார்வையிடலாம் என 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு கூறுகிறது. அதிகம் பயன்படுத்தப்படாத உரிமை இது.

மலிவு உணரிகளை நம்பலாமா?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் உணரிகள் துகள்களின் மீது ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, சிதறும் ஒளியைக் கொண்டு அளவை மதிப்பிடுகின்றன. ஈரப்பதம் மிகுந்த நாள்களில் துகள்கள் நீரை ஈர்த்துப் பருப்பதால் இவை அளவை மிகைப்படுத்திக் காட்டும். பனிமூட்டமான அதிகாலையில் பதிவான எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆலையைக் குற்றம் சாட்டினால் அந்த வாதம் நிற்காது. அரசு நிலையத்தின் அருகே சில வாரங்கள் வைத்து ஒப்பிட்டுத் திருத்தம் கண்ட உணரியே பயன்தரும். இவை பெரும்பாலும் துகள்களை மட்டுமே அளக்கின்றன, வாயுக்களை அல்ல என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே நெவில் தீவில் இயங்கிய ஷெனாங்கோ கோக் நிலக்கரி ஆலையின் விவகாரத்தில், அப்பகுதி மக்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவுடன் இணைந்து கேமரா, உணரி, நாற்றப் பதிவு ஆகிய மூன்றையும் ஒரே காலவரிசையில் பொருத்தினர். எந்த நிமிடம் புகை வெளியேறியது, எப்போது துகள் அளவு உயர்ந்தது என்பதை அதிகாரிகள் ஒரே திரையில் காண முடிந்தது. ஆலை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. நிறுவனம் அதற்கு எஃகுச் சந்தையின் சரிவையே காரணமாகக் கூறியது. மூடப்பட்டதும் அருகில் வாழ்வோரிடையே இதயம், இரத்தக்குழாய் தொடர்பான அவசர சிகிச்சை வருகைகள் 42 விழுக்காடு குறைந்ததாக நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் தெரிவித்தது. நாற்றத்தை 1 முதல் 5 வரை மதிப்பிட்டு உள்ளூர் சுகாதாரத் துறைக்கு அனுப்பும் கைபேசிச் செயலியும் 2016-இல் அந்நகரில் அறிமுகமானது.

சட்டத்தில் இதன் இடம்

காற்றுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, ஆலையின் உமிழ்வில் இருந்து வாரியம் எடுக்கும் மாதிரிகூட, உரிய அறிவிப்பும் முத்திரையும் கொண்ட நடைமுறையைப் பின்பற்றினால்தான் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். அத்தகைய மாதிரியை எடுக்கும் அதிகாரம் பொதுமக்களுக்கு இல்லை. ஆகவே மக்களின் வாளியும் உணரியும் ஆலையின் குற்றத்தை நிரூபிக்கும் கருவிகள் அல்ல. எந்த இடத்தில், எந்த நேரத்தில் வாரியம் மாதிரி எடுக்க வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டும் கருவிகள். 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பின், காற்றுச் சட்ட மீறல்கள் பலவற்றுக்குச் சிறைத் தண்டனைக்கு மாற்றாக ரூ.10 ஆயிரம் முதல் ரூ.15 லட்சம் வரை அபராதமே விதிக்கப்படுகிறது.

நிவாரணம் கோருவோர் 2010-இல் உருவான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகலாம். சுற்றுச்சூழல் தகராறு எனில், அதற்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளில் இருந்து ஆறு மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும். இழப்பீடு கோருவதற்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் இரண்டுக்கும் மேலும் 60 நாள்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அந்த முதல் நாள் எது என்ற கேள்வி எழும்போது, ஊர்மக்கள் கைப்பட எழுதிவைத்த நாற்றப் பதிவேட்டின் தேதி பெருமளவில் உதவும்.