பிச்சைச் சம்பளம் என்னும் பெயர்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், நிலாவெளியை அடுத்து இருப்பது இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இரண்டையும் நம்பித் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர் அது. இத்தகைய ஊரில் உடம்பே முதல். கரைவலை இழுக்கும் கையும், வள்ளம் தள்ளும் தோளும் ஓய்ந்தால் அன்றைய பங்கு இல்லை. கை ஒடிந்தவனின் துன்பத்தை ஊர் உடனே அறியும். கையும் காலும் இருந்தும் விடியற்காலையில் எழ மனம் இடங்கொடாதவனை, பிறர் கேளாத குரல்கள் தன் காதில் ஓயாது ஒலிப்பவனை, சிறுநீரகம் நாளுக்கு நாள் தளர்ந்துவருபவனை ஊர் எவ்வாறு அறியும்? அரசாங்கம் எவ்வாறு அறிந்தது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் சொற்களைக் கவனிப்போம். உழைக்க இயலாதவர்க்கு அரசாங்கம் மாதந்தோறும் கொடுக்கும் உதவிப்பணத்தை நம்மவர் பேச்சில் 'பிச்சைச் சம்பளம்' என்பர். சிங்களத்தில் அதற்குப் 'பின்படி' என்று பெயர். பின் என்பது புண்ணியம், படி என்பது சம்பளம். ஒரே பணம், ஒரு மொழி கொடுப்பவன் அடையும் புண்ணியத்தை நினைக்கிறது, மற்றொரு மொழி வாங்குபவன் ஏந்தும் கையை நினைக்கிறது. இரண்டிலும் உரிமை என்ற எண்ணம் இல்லை. இனி, அங்கவீனம் என்ற சொல். அங்கம் என்றால் உறுப்பு. உறுப்புக் குறைவு என்பதே அதன் நேர்ப்பொருள். மனம் எந்த அங்கத்தைச் சேர்ந்தது? இக்கேள்விக்கு விடை காண நம் நாட்டுச் சட்டங்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இங்கிலாந்தில் 1601 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், உழைக்கக்கூடிய ஏழை, உழைக்கமாட்டாத ஏழை என இரு பிரிவு செய்து, பின்னவரைத் தாங்கும் கடமையை அவ்வவ்வூர்க் கோயிற்பற்றின்மேல் வைத்தது. ஜெர்மனி 1889 இல் வேறு வழி கண்டது. தொழிலாளரிடமும் முதலாளியிடமும் பணம் திரட்டி, உழைப்பாற்றலை இழந்தவர்க்கு ஓய்வூதியம் கொடுக்கும் சட்டத்தை அந்நாடு அவ்வாண்டு இயற்றியது. அது உறுப்பை எண்ணவில்லை. ஒருவனுக்கு உழைத்து ஈட்டும் ஆற்றல் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று கேட்டது. ஆகவே காசநோயாளரும் அதனுட் புக முடிந்தது. அந்நிதியங்களே பின்னர்க் காசநோய்ச் சிகிச்சை நிலையங்களைக் கட்டின என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

இலங்கை முதலாவது வழியிலேயே சென்றது. கொழும்பில் 1831 இல் தோன்றிய சினேகிதர் உதவிச் சங்கம் போன்ற தரும அமைப்புகளே நெடுநாள் ஏழைகளைக் கவனித்தன. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடி ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. தருமம் மட்டும் போதாது என்பது அப்போது யாவர்க்கும் விளங்கியிருக்க வேண்டும். 1939 ஆம் ஆண்டில் வறியோர் கட்டளைச் சட்டம் பிறந்தது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களில் உதவி வழங்கும் பொறுப்பு மாநகர சபைகளுக்கு. ஏனைய இடங்களில் அரசாங்கமே கொடுத்தது. இறக்கக்கண்டி 'ஏனைய இடங்களில்' ஒன்று.

அதற்குச் சற்று முன், 1934 இல், தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. வேலையின்போது விபத்து நேர்ந்தால், எந்த உறுப்பின் இழப்புக்கு நூற்றுக்கு எவ்வளவு உழைப்பாற்றல் குறைந்தது என்று அது ஓர் அட்டவணையையே தந்தது. கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் விரலுக்கும் அந்த அட்டவணையில் இடம் உண்டு. மனத்துக்கு இல்லை. பங்குக்குத் தொழில் செய்து, சம்மாட்டிக்கும் தனக்கும் இடையே எழுத்தில் ஒன்றும் இல்லாத கரைவலைக்காரன் இச்சட்டத்தின் கண்ணில் எளிதிற் படவுமில்லை.

அப்படியானால் மனநோயாளியைச் சட்டம் அறியவேயில்லையா? நன்றாக அறிந்திருந்தது, ஆனால் வேறொரு வாசலில். 1873 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் சித்தசுவாதீனம் இழந்தோரைப் பற்றியது. ஒருவர் சித்தசுவாதீனம் உள்ளவரா, அவருடைய சொத்தை யார் பரிபாலிப்பது, அவரை எங்கே அடைத்துவைப்பது என்பவற்றை நீதிமன்றம் விசாரிக்கும். வைத்தியசாலையோ கொழும்பில். 1926 க்கு முன்னர்க் கறுவாத்தோட்டத்திலும், அவ்வாண்டு முதல் அங்கொடையிலும். கிழக்குக் கரையிலிருந்து ஒருவரை அங்கே அனுப்புவது நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அனுப்புவதாகும். திரும்பி வந்தவர் எதைக்கொண்டு வாழ்வார் என்று அச்சட்டம் கேட்கவில்லை. அது அதன் வேலையும் அன்று. வறுமைச் சட்டம் ஒரு திசையிலும் சித்தசுவாதீனச் சட்டம் ஒரு திசையிலும் சென்றன. நோயாளியும் அவர் தாயும் இரண்டுக்கும் நடுவே நின்றனர்.

ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவை ஆணைக்குழு 1947 இல் அறிக்கை வெளியிட்டது. மறுவருடம் சமூக சேவைத் திணைக்களம் தோன்றியது. ஊரளவில் விதானையாரே அரசாங்கத்தின் கண்ணும் காதும். அம்முறையிற் குறை பல உண்டு. விதானையாருக்கு வேண்டாதவன் பாடு திண்டாட்டமே. ஆயினும் ஒரு நன்மையை மறுப்பதற்கில்லை. அவர் அவ்வூரவர். இன்னாருடைய மகனுக்கு மழைக்காலம் வந்தால் மனம் பேதலிக்கும் என்பதைப் பத்திரம் இன்றியே அறிவார். 1963 இல் அம்முறை ஒழிந்து, மாற்றலாகிச் செல்லும் கிராம சேவையாளர் வந்தார். புதியவருக்குப் பத்திரம் வேண்டும். அது நியாயமே. ஆனால் 1990 ஆம் ஆண்டின் போரில் குச்சவெளிப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோதும் வீட்டோடு போனவற்றுள் பத்திரமும் ஒன்று. பிறப்புச் சான்று மறுபடி கிடைக்கும். இருபது ஆண்டு நோயின் வைத்தியக் குறிப்பு எங்கே கிடைக்கும்?

சட்டத்தின் மொழி உண்மையில் மாறியது 1996 இல். அவ்வாண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், பிறவியிலோ பின்னரோ உடலாற்றலில் அல்லது மன ஆற்றலில் நேர்ந்த குறையினால், வாழ்க்கைக்கு இன்றியமையாதவற்றை முழுவதுமாகவோ பகுதியாகவோ தானே தேடிக்கொள்ள இயலாத எவரையும் வலுக்குறைந்தவர் எனக் கொண்டது. 1975 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனத்தின் வழியில் வந்த வரைவிலக்கணம் இது. 'மன' என்ற சிறு அடைமொழி இப்போதுதான் உட்புகுந்தது. 'பகுதியாக' என்பதும் சிறிதன்று. நன்றாயிருக்கும் மாதமும் நலிவுறும் மாதமுமாக வாழ்பவர்க்கு அச்சொல்லே புகலிடம். நாட்பட்ட நோய் அவ்வாறானதே: கையிழந்தவனுக்குக் கை எந்நாளும் இல்லை, மனம் நொந்தவனுக்கு நல்ல நாளும் உண்டு. விசாரணை உத்தியோகத்தர் வரும் நாளில், தாய் அவனைக் குளிப்பாட்டி வெள்ளைச் சாரம் உடுத்தி இருத்துகிறாள். கேட்ட கேள்விக்கு அவன் நேராக விடையிறுக்கிறான். தாய் வெட்கத்துக்காகச் செய்த அந்த ஒழுங்கே அவனுக்கு எதிர்ச்சாட்சியாகி விடுகிறது! இது எந்த ஒரு காரியாலயத்தின் பிழையுமன்று, ஒரே நாளில் பார்த்து எழுதும் முறையின் பிழை.

இங்கே சிறுநீரக நோயின் கதை ஒப்புநோக்கத்தக்கது. 1990 களில் வடமத்திய மாகாண உழவர் பலருக்குக் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் கண்டது. நம் திருகோணமலை மாவட்டத்திலேயே பதவி சிறிபுரவில் அது பரவியது. பாதிக்கப்பட்டவர் ஒரே தொழிலினர், ஒரே நிலப்பகுதியினர், ஒன்றாகக் குரலெழுப்பினர். நாடும் செவிசாய்த்தது. 2023 இல் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் வந்தபோது, வலுக்குறைந்தோர், முதியோர் என்ற பிரிவுகளோடு சிறுநீரக நோயாளர் என்ற தனிப்பிரிவும் அமைந்திருந்தது. நாட்பட்ட நோய்களுள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டது அது ஒன்றே. அவ்வுழவர்க்குக் கிடைத்தது மிகையன்று, ஒருசிறிதும் மிகையன்று. ஆயின் மனநோயாளர் ஒன்றுகூடி ஊர்வலம் போவதில்லை. வீட்டார் மறைக்கின்றனர், மகளின் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சுகின்றனர். தனிப்பெயர் இன்மையின் அவர் வலுக்குறைந்தோர் வாசலிலேதான் நுழைய வேண்டும்.

ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு மாறுதல் நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 2005 இல் வகுக்கப்பட்ட மனநலக் கொள்கை, அங்கொடையை மட்டும் நம்பாமல் மாவட்டந்தோறும் சிகிச்சையைக் கொண்டுசெல்ல முனைந்தது. மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்பவரிடம் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. ஒரு நாளின் தோற்றத்தைப் பார்ப்பதைவிட, ஐந்து வருடக் கொப்பியைப் புரட்டுவது எவ்வளவோ மேல். என் கருத்தில், 1996 இன் வரைவிலக்கணத்துக்கு உயிர் கொடுக்கக்கூடியது இக்கொப்பிதான். 2016 மாசி மாதத்தில் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் நீண்டகால மனக்குறையை உடற்குறையோடு ஒரே வரியில் வைத்து எண்ணுகிறது.

வலுக்குறைந்தோர்க்கும் சிறுநீரக நோயாளர்க்கும் உரிய மாதக் கொடுப்பனவு 2024 இல் 7,500 ரூபாய், 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ரூபாய். மாத ஊசிக்காக இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலை வைத்தியசாலைக்குப் போய்வரும் ஒருவர்க்கு, துணைக்கு வரும் தாயின் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும் அப்பணத்திலிருந்தே கழிய வேண்டும். ஊசி நாள் தவறினால் நோய் திரும்பும். நோய் திரும்பினால் கொப்பியில் அவ்வளவு மாதங்கள் வெறுமையாகக் கிடக்கும். அடுத்த விசாரணையில் உத்தியோகத்தர் முதலிற் கேட்பது அந்த வெற்றுப் பக்கங்களைப் பற்றித்தான்.