நீராட்டு உடையும் மானமும்

கோலா பிலா வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து இக்காலத்தில் வெளிநாடு செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பால்மரம் வெட்ட வந்தவர்களுடைய பேரன் பேத்திகளும் அவர்தம் மக்களும், இன்று விமானமேறி ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபோகிறார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் நம் போன்ற கிராணிகளுக்கு, அவர்களுடைய பாரங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையும் வந்து சேருகிறது. அவ்வேளையில் பெற்றோர் கேட்கும் கேள்விகளில், சம்பளம் என்ன, வாடகை என்ன என்பவற்றிற்கு அடுத்தபடியாக ஒன்று தவறாமல் வருகிறது. அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக் கொடுக்கிறார்களாமே, அதற்கு அந்த உடையைத்தான் உடுத்த வேண்டுமா என்பதே அது.

"அந்த உடை" என்று சொல்லும்பொழுதே குரல் தாழ்ந்துவிடுகிறது. பெற்ற வயிற்றின் அச்சத்தை நகைத்துத் தள்ளுவது அறிவுடைமையாகாது. அதுபோலவே, "நமது பண்பாட்டுக்கு அடுக்காது" என்ற ஒரே வார்த்தையால் வாயடைத்துவிடுவதும் நேர்மையாகாது. நமது பண்பாடு பெண்ணின் உடையை எவ்விதம் நடத்திவந்தது என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. அதை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு பேசுவதே முறையாகும்.

கடலில் நீராடுவது தமிழனுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தில் கடலாடு காதை என்றே ஒரு காதை இருக்கிறது. இந்திரவிழா முடிந்தபின் பூம்புகார் மக்கள் கடலாடப் புறப்பட்ட செய்தியை அது கூறுகிறது. கோவலனோடு மாதவியும் சென்றாள். மாசிமகத்தன்று தெய்வத்தையே கடலுக்குக் கொண்டுபோய் நீராட்டுகிறவர்கள் நாம். ஆடி அமாவாசையில் இராமேசுவரத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கடலில் முழுகி, ஈரப் புடைவையோடும் ஈர வேட்டியோடும் பல்லாயிரவர் பார்க்கக் கரையேறுகிறார்கள். ஈரத் துணி உடலை ஒட்டிக் காட்டுவதுபோல் உலர்ந்த துணி காட்டுவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், அங்கே மானம் போய்விட்டதென்று எவரும் கூறக் கேட்டோமில்லை.

தோட்டத்துப் பழைய வாழ்க்கையும் அப்படித்தான். லயத்துப் பொதுக் குழாயடியிலும் ஆற்றங்கரையிலும் நம் பாட்டிமார் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளித்தார்கள். அக்கம்பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்களும் சாரோங்கை அவ்வண்ணமே மார்பின்மேல் முடிந்து, தோளும் கையும் திறந்திருக்கக் கிணற்றடியில் குளித்தார்கள். அக்கட்டுக்குக் கெம்பான் என்று அவர்கள் மொழியில் பெயர். அதே பாட்டிமார் வேலைக்காட்டுக்குப் போகும்பொழுது முழுக்கைச் சட்டை மாட்டித் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போனார்கள். அது கொசுக்கடிக்கும் பால்கறைக்கும் பயந்து போட்ட சட்டை. ஒரே பெண், ஒரே நாளில், காலையில் கழுத்துவரை மூடியும் மாலையில் தோளைத் திறந்தும் இருந்தாள். இடத்துக்கும் வேலைக்கும் ஏற்ப உடை மாறிற்று. மானம் அவளோடேயே இருந்தது.

இனி, நமது பண்பாடு என்பதன் மற்றொரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு சேரும் முன்பு திருவிதாங்கூர் நாட்டில் அடங்கியிருந்தது. அந்நாட்டில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மூடலாகாது என்பது வழக்கம். மேலே இருப்பவனுக்கு முன்னால் கீழே இருப்பவள் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்று அதற்கு வியாக்கியானம் செய்தார்கள். கிறிஸ்தவராக மாறிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம் என்று ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் அப்பெண்கள் தோள்சீலை போட்டுக்கொண்டபொழுது, சந்தையிலும் தெருவிலும் அதைப் பிடித்திழுத்துக் கிழித்தார்கள். 1829இல் அரசாங்கம் ஒரு பிரகடனம் செய்தது. அது குப்பாயத்தை மட்டும் அனுமதித்து, உயர்சாதிப் பெண்களைப்போல மேற்சீலை அணிவதைத் தடுத்துவிட்டது.

1858ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கலகம் மூண்டது. பெண்கள் தாக்கப்பட்டார்கள். வீடுகளும் பள்ளிகளும் கோயில்களும் கொளுத்தப்பட்டன. சென்னைக் கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவிலியன் மன்னரை நெருக்கியதன் பேரில், 1859 ஜூலை 26ஆம் நாள் புதிய பிரகடனம் வெளிவந்தது. நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சுப் போட்டார்கள். உயர்சாதிப் பெண்கள் அணியும் பாங்கில் மட்டும் அணியலாகாதாம்! உடம்பு மறைவது அல்ல அவர்களுடைய கவலை, தங்களைப்போல் மற்றவளும் ஆகிவிடக்கூடாது என்பதே கவலை என்பது இதனால் வெட்டவெளிச்சமாகிறது.

இஃது ஏதோ பழங்காலத்துக் கதை என்று எவரேனும் எண்ணுவராயின், இராமநாதபுரம் ஜில்லாவை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கம் செலுத்திய சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி கட்டக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் அத்தடைகள் பதினொன்றாகப் பெருகின. அப்பொழுது மலாயாவுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். உதவிப் பயணம் பெற்றுத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் 1938இல்தான் தடுத்தது. பிறந்த மண்ணில் ரவிக்கை போட்டால் குடிசை எரியும் என்றிருந்த காலத்தில், கடல் கடந்து வந்து, தான் வெட்டிய பாலின் கூலியில் ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்வது சிறிய காரியமாகுமா? தோட்டத்திலும் சாதி இருந்தது, கங்காணி இருந்தார், துரை இருந்தார். அத்தனைக்கும் நடுவே, என் உடையை நான் உடுத்துவேன் என்ற ஒரு சிறு சுதந்தரமும் இருந்தது. குடும்பங்கள் வெளிநாடு போவது உடைக்குக் கேடு என்போர் இதனையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நிற்க, மேல்நாடு என்றாலே ஆடை குறைந்த நாடு என்ற எண்ணமும் சரித்திரத்துக்கு முன்னால் நிற்பதில்லை. திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்ட அதே காலத்தில், இங்கிலாந்தின் கடற்கரைகளில் பெண்களைச் சக்கரம் வைத்த மரப்பெட்டி ஒன்றில் ஏற்றிக் கதவைச் சாத்தி, குதிரை பூட்டிக் கடலுக்குள் இழுத்துச் சென்றார்கள். உள்ளேயே உடை மாற்றி, கனத்த கம்பளி அங்கியோடு, கரையில் இருப்பவர் கண்ணில் படாமல் அவள் நீரில் இறங்க வேண்டும். ஆண்களில் பலர் அக்காலத்தில் ஆடையே இன்றிக் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மானம் என்ற மூட்டையைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றுகிற வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

இன்று நம்மவர் குடியேறும் ஆஸ்திரேலியாவின் கதையைக் கேளுங்கள். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முறையாகப் பெண்களுக்கு நீச்சல் போட்டி வைத்தார்கள். சிட்னியைச் சேர்ந்த பேனி டூரக் என்னும் பெண் அதற்குப் போக விரும்பினாள். ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் நீந்தலாகாது என்று அந்நாட்டுப் பெண்கள் நீச்சல் சங்கமே விதி வைத்திருந்தது. ஊரார் எழுப்பிய கிளர்ச்சியால் அவ்விதி தளர்ந்தது. டூரக் சென்று நூறு மீட்டர் போட்டியில் தங்கப் பதக்கத்தை வென்றாள். அவளுடைய தோழி மினா வைலி இரண்டாவதாக வந்தாள். அந்தச் சங்கத்தார் பேசிய பேச்சுக்கும், நமது லயத்துத் திண்ணையில் இன்று பேசப்படும் பேச்சுக்கும் மொழியைத் தவிர வேறு வித்தியாசம் காணோம்.

1946 ஜூலை 5ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் லூயி ரேயார் என்பவர் இரண்டு துண்டாலான நீச்சலுடை ஒன்றைக் காட்டி, சில நாளுக்கு முன் அணுகுண்டு வெடித்துச் சோதித்த தீவின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதுதான் பிகினி. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்பும், 1961இல் சிட்னியின் பாண்டி கடற்கரையில் அவ்வுடை அளவுக்குச் சிறியது என்று சொல்லிப் பல பெண்களைக் காவலர்கள் மணலைவிட்டு வெளியேற்றினார்கள்.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2016ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சு நாட்டின் கடற்கரை ஊர்கள் பல வேறொரு உடைக்குத் தடை போட்டன. இம்முறை குற்றம் உடை சிறிது என்பதன்று, பெரிது என்பது! ஆஸ்திரேலியாவில் வாழும் அகீதா சனெத்தி என்ற பெண்மணி 2004இல் உருவாக்கிய புர்கினி என்னும் முழு உடலையும் மூடும் நீச்சலுடையே அத்தடைக்கு இலக்காயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வில்நெவ் லூபே என்ற ஊரின் தடையை நிறுத்திவைத்தது. அன்றியும் 2021இல், கடற்கரைக் கைப்பந்துப் போட்டியில் நார்வே நாட்டுப் பெண்கள் பிகினிக்குப் பதிலாகக் கால்சட்டை அணிந்து ஆடினார்கள் என்பதற்காக, ஐரோப்பியக் கைப்பந்துச் சம்மேளனம் 1500 யூரோ அபராதம் விதித்தது. உலகமெங்கும் கண்டனம் எழுந்தபின் அவ்வாண்டிலேயே சர்வதேசச் சம்மேளனம் விதியை மாற்றிக்கொண்டது.

வாசகர்கள் இவற்றை ஒரு வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டுகிறோம். திருவிதாங்கூரில் மூடாதே என்றார்கள். இங்கிலாந்தில் மூடு என்றார்கள். பாண்டியில் இன்னும் மூடு என்றார்கள். பிரான்சில் மறுபடியும் மூடாதே என்றார்கள். துணியின் அளவு நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறாதிருந்தது ஒன்றே. பெண்ணின் உடம்பில் எவ்வளவு துணி இருக்க வேண்டும் என்பதை அப்பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானித்தார்கள். ஆகவே மானம் துணியின் நீளத்தில் இருக்கிறது என்ற வாதம் சரித்திரத்தில் எங்குமே செல்லாத காசாக இருக்கிறது. தன் உடம்புக்குத் தானே உடையவள் என்ற நிலையில்தான் மானம் இருக்கிறது. குமரி நாட்டுப் பெண்கள் அடிபட்டுப் பெற்றது துணியை மாத்திரமன்று, அந்த உடைமையையும் சேர்த்தே பெற்றார்கள்.

அப்படியானால் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தார், பருவமெய்தாத தங்கள் பெண் மக்களை ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து நீச்சல் கற்க அனுப்ப மறுத்து, மொத்தம் 1400 பிராங்கு அபராதம் கட்ட நேர்ந்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2017 ஜனவரி 10ஆம் நாள் தீர்ப்பாயிற்று. பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நீந்தக் கற்பது பெற்றோரின் விருப்பத்தினும் முக்கியம் என்றது நீதிமன்றம். அப்பள்ளியார் புர்கினி அணிந்து வரலாம் என்று முன்னமே இடங்கொடுத்திருந்ததையும் அது கவனித்தது. உடையில் விட்டுக்கொடுக்கலாம், கல்வியில் விட்டுக்கொடுக்கலாகாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம்.

ஏனெனில் இங்கே பணயம் வைக்கப்படுவது உயிர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். ஆஸ்திரேலியாவில் மூழ்கி இறப்போரில், வேறு நாடுகளில் பிறந்து அங்கே குடியேறியவர்கள் கணிசமானோர் என்று அந்நாட்டு உயிர்காப்புச் சங்கங்கள் ஆண்டுதோறும் எச்சரித்து வருகின்றன. கோலா பிலா உள்நாட்டுச் சீமை. இங்கே பிறந்த பிள்ளைக்கு உலு பெண்டூல் ஓடையில் கால் நனைத்த பழக்கமும், ஆண்டுக்கொருமுறை போர்ட் டிக்சன் கடற்கரையில் சோறு உண்ட பழக்கமும் இருக்கும். பெருங்கடலின் இழுப்பை அது அறியாது. நனைந்த பருத்திப் புடைவை நீரைக் குடித்துக் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும், நீந்தத் தெரிந்தவளையும் அது கீழே இழுக்கும். பல நாட்டுப் பொதுக் குளங்களில் நீச்சலுக்கென்று நெய்த துணி அல்லாத வேறெதையும் அனுமதிப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அத்துணியிலேயே முழங்கால் வரையும், கணுக்கால் வரையும், முழுக்கை வைத்தும் தைத்த உடைகள் எங்கும் விற்கின்றன. வெயிலுக்கு அஞ்சி வெள்ளைக்காரரே அவற்றை வாங்கி அணிகிறார்கள். விலைக்குக் கிடைக்கும் பொருளுக்காக ஒரு பிள்ளையைக் கரையில் உட்கார வைப்பது நியாயமாகுமா?

அப்பா அரைக்கால் சட்டையோடு அலையில் குதிக்கிறார். அண்ணன் வெற்று மேனியாய் நீந்துகிறான். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையில் செருப்புக்குக் காவல் இருக்கிறாள். பக்கத்தில் மகளும் உட்கார்ந்திருக்கிறாள். விடுமுறை நாளில் போர்ட் டிக்சன் சென்ற எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். இதற்குப் பண்பாடு என்று பெயரிட்டால், அப்பண்பாடு ஏன் அண்ணனைக் கேள்வி கேட்கவில்லை?

அதேபோல், அங்கே சென்று ஓராண்டு ஆவதற்குள், புடைவையோடு கடலில் இறங்கும் தாயைப் பார்த்து வெட்கப்படும் புது நாகரிகக்காரரையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. குறைத்து உடுத்தினால்தான் முன்னேற்றம் என்று அவளை நெருக்குவதும், மூடு என்று மகளை நெருக்குவதும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

வெளிநாடு செல்லும் குடும்பங்களுக்கு நாம் சொல்லத்தக்கது இதுதான். போகுமுன் பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சமமாக நீந்தக் கற்றுக்கொடுங்கள். தாய்மாரும் கற்றுக்கொள்ளுங்கள். எந்த உடை என்ற கேள்வியை, அதை உடுத்தப் போகிறவளிடமே கேளுங்கள். கைகால் மூடியது வேண்டும் என்பாளாயின் அதை வாங்கிக் கொடுங்கள், வேறொன்று வேண்டும் என்பாளாயின் அதையும் வாங்கிக் கொடுங்கள். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர்க் குமரி நாட்டுச் சந்தையில் தோள்சீலை கிழிக்கப்பட்ட பெண்ணிடம் ஒருவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. இன்று நம் வீட்டுப் பெண்ணிடமாவது அதைக் கேட்போமாக!